பெயரை நீக்கிய பின்னும்: சமூக ஊடகத் தரவும் மெர்போக் வட்டாரத் தமிழ் ஆய்வும்

மெர்போக் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் தமிழாய்வாளர்க்குப் பூஜாங் பள்ளத்தாக்கே நினைவுக்கு வரும். 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொல்பொருட் காட்சியகமும், 1930-களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து கண்டு, பின்னர் அலஸ்டேர் லேம்ப் மீட்டெழுப்பிய புக்கிட் பத்து பகாட் கோயில் எச்சமும் கடாரத்தின் பழமைக்குச் சான்றாக ஜெராய் மலையடிவாரத்தில் நிற்கின்றன. ஆயின் ஈண்டு நாம் ஆராயப் புகுவது நிற்கும் கல்லை அன்று. இடிக்கப்பட்ட ஒன்றைக் குறித்து மக்கள் பேசிய சொல்லை.

மெர்போக்கை அடுத்த பீடோங் வட்டாரத்தில், சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் இருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது தரைமட்டமாக்கப்பட்டது. இச்செய்தி 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வெளிவந்தது. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவர் டத்தோ வீ. நடராஜன் அதனை நாட்டின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். நிலம் தனியார்க்குரியது என்பதும், அவ்விடம் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை என்பதும் பின்னர்த் தெரியவந்தன. நாளிதழ்கள் அமைச்சர்களின் விளக்கங்களையும் கட்சித் தலைவர்களின் கண்டனங்களையும் அச்சிட்டன. அவற்றை இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். அத்தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களைச் சார்ந்தோர், அவ்விடத்தை ஆண்டுக்கணக்காகக் கடந்து சென்றோர், சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்துவிட்ட அவர்தம் பிள்ளைகள் ஆகியோர் என்ன சொன்னார்கள்? அவர்களுடைய பேச்சு நாளிதழில் இடம்பெறுவது அரிது. அது முகநூலில் இருக்கிறது. புலனம் என நாம் வழங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறது. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழாக, இடையிடையே மலாய்ச் சொல் விரவியதாக இருக்கிறது.

இது சிறு செய்தி அன்று. கெடாத் தோட்ட மக்களின் சென்ற நூற்றாண்டு வரலாற்றை நாம் பெரும்பாலும் பிறர் எழுதிய ஏடுகளின் வழியாகவே அறிகிறோம். 1946 முதல் 1948 வரை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படை இயக்கத்தையும், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையையும், 1947-இல் பீடோங்கில் தொழிலாளர்க்கும் காவல்துறையினர்க்கும் நிகழ்ந்த மோதலையும் எழுதப் புகும் வரலாற்றாசிரியர் காலனித்துவ அதிகாரிகளின் அறிக்கைகளையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. கிராணியின் செக்ரோலில் தொழிலாளியின் பெயர் உண்டு. அவர் கருத்து இல்லை. 2013-இல் நிலைமை மாறியிருந்தது. முதன்முறையாக அம்மக்கள் தம் கருத்தைத் தாமே எழுதினார்கள். ஆனால் எழுதிய ஏடு அவர்களிடமும் இல்லை, நூலகத்திலும் இல்லை. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. ஆய்வாளன் அதனைக் காண விழைந்தால் அவனுக்கு இரு வழிகள் சொல்லப்படுகின்றன. நிறுவனம் திறக்கும் வாயில் வழியாகச் செல்வது ஒன்று. பொதுவெளியில் உள்ளதைத் தானே திரட்டிப் பெயர்களை நீக்கிவிட்டு ஆள்வது மற்றொன்று. இவ்விரண்டும் பெருந்திரளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை என்பதும், மெர்போக் போன்ற சிறு சமூகத்தை முதல் வழி மறைத்துவிடுகிறது, இரண்டாவது வழி காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதும் நம் கருத்து.

எண்ணுவோர்க்கான வாயில்

கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெடித்தபின், முகநூல் நிறுவனம் ஆய்வாளர்க்குப் பாதுகாப்பான முறையில் தரவு வழங்க முன்வந்தது. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் கேரி கிங்கும் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் நதானியல் பெர்சிலியும் அதற்கென 'சோஷியல் சயன்ஸ் ஒன்' என்னும் அமைப்பை நிறுவினர். நிறுவனத்திற்கும் ஆய்வாளர்க்கும் நடுவே ஒரு மூன்றாம் தரப்பை நிறுத்தி, ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிறுவனத்திடமிருந்து விலக்கியது அதன் சிறப்பு. இக்கருத்து இன்றும் மதிக்கத்தக்கது. எனினும் வாக்களித்த தரவு நெடுநாள் வரவில்லை. 2020 பிப்ரவரியில் வந்த தொகுதியில் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் இணைய முகவரிகள் பற்றிய எண்கள் இருந்தன. எத்தனை பேர் கண்டனர், எத்தனை பேர் பகிர்ந்தனர், அவர்தம் நாடு, வயது, பாலினம் எவை என்பனவே அவ்வெண்கள்.

அவ்வெண்களும் உள்ளவாறே தரப்படவில்லை. டிஃபரென்ஷியல் பிரைவசி எனப்படும் முறை அவற்றின்மீது செயற்படுத்தப்பட்டிருந்தது. சிந்தியா டுவர்க்கும் உடனாய்வாளரும் 2006-இல் வகுத்த இம்முறையின் அடிப்படை எளியது. ஒரு குறிப்பிட்ட மனிதர் தரவுத்தொகுதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்குமாறு, ஒவ்வோர் எண்ணிலும் அளந்தெடுத்த ஓர் இரைச்சல் சேர்க்கப்படுகிறது. அதனால் எவராலும் தனி ஒருவரைப் பிரித்தறிய இயலாது. கணித நோக்கில் இதனினும் உறுதியான காப்பு இன்று இல்லை எனலாம். ஆயின் இரைச்சலின் அளவு கூட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. ஐந்து இலட்சம் பேர் கண்ட ஒரு செய்தியில் ஐம்பது கூடினும் குறையினும் ஆய்வு கெடாது. நாற்பது பேர் பகிர்ந்த ஒரு செய்தியில் ஐம்பது கூடினால் எஞ்சுவது இரைச்சல் மட்டுமே. மேலும், பொதுவெளியில் ஏறத்தாழ நூறு முறையேனும் பகிரப்பட்ட முகவரிகளே அத்தொகுதியில் சேர்க்கப்பட்டன. ஒரு தோட்டக் கோயிலின் இடமாற்றம் பற்றியோ மூடப்படவிருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியைப் பற்றியோ வந்த செய்தி அந்த வாசற்படியைத் தாண்டுவது கடினம். அமெரிக்கா தன் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே முறையைக் கையாள முற்பட்டபோது, அங்குள்ள பழங்குடி மக்களின் அமைப்புகள் எழுப்பிய கவலையும் இதுவே. சிறு குடிகளின் எண்ணிக்கை சிதைந்தால் அவர்க்குரிய பங்கீடும் சிதையும் என்று அவர்கள் வாதிட்டனர். அந்தரங்கக் காப்பு என்பது எல்லார்க்கும் ஒரே விலையில் கிடைப்பதன்று. சிறியோர் கூடுதல் விலை தருகின்றனர்.

இரைச்சலைப் பற்றிக் கவலைகொண்டிருந்த ஆய்வாளர்க்கு வேறொரு செய்தி 2021 செப்டம்பரில் வந்தது. அமெரிக்கப் பயனரில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது அரசியற் சார்பு கண்டறியப்படாதோர், அத்தொகுதியில் விடுபட்டுப்போயினர் என நிறுவனம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டது. நிறுவனமே வெளியிட்ட மற்றோர் அறிக்கையோடு ஒப்பிட்டு இம்முரண்பாட்டைக் கண்டவர் இத்தாலியின் உர்பினோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஃபாபியோ ஜில்லியெட்டோ. அமெரிக்கர் பற்றிய தரவே இவ்வாறாயின், எவரும் ஒப்பிட்டுப் பாராத சிறு மொழிகளின் தரவை எந்த உறுதியில் ஏற்பது?

அதன்பின் திறந்த வாயில்கள் ஒவ்வொன்றாகக் குறுகின. டுவிட்டர் நிறுவனம் 2021 ஜனவரியில் ஆய்வாளர்க்கென இலவசமாகத் திறந்த வழி, நிறுவனம் கைமாறியபின் 2023-இல் மூடப்பட்டது. முகநூலின் கிரௌட்டேங்கிள் கருவி 2024 ஆகஸ்டு 14-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக 2023 நவம்பரில் வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரி, பதிவுகளின் வாசகத்தையே காட்டுகிறது என்பதால் மொழியாய்வாளர்க்கு ஒருபடி முன்னேற்றமே. ஆனால் அது ஒரு பூட்டிய அறை. விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, உள்ளே சென்று படிக்கலாம். பெரும்பாலானவற்றை வெளியே கொண்டுவர இயலாது. இக்கட்டுப்பாட்டை நாம் குறைகூறவில்லை; அரிய சுவடிகளை நூலகங்கள் இவ்வாறுதான் காக்கின்றன. குறை வேறிடத்தில் உள்ளது. பொதுப் பக்கங்களும் பொதுக் குழுக்களும் அங்கே உண்டு. தனியாள் கணக்கு எனில், சரிபார்ப்புக் குறி பெற்றதாகவோ ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் பின்தொடர்வோரைக் கொண்டதாகவோ இருத்தல் வேண்டும். அவ்வெல்லை முதலில் 25,000 ஆக இருந்து பின்னர் 1,000 ஆகக் குறைக்கப்பட்டது. மெர்போக்கில் ஓய்வுபெற்ற ஒரு பால்மரத் தொழிலாளிக்கு ஆயிரம் பின்தொடர்வோர் எங்ஙனம் அமைவர்? அரசியல்வாதியின் பதிவு கிடைக்கும். ஆனால் அது நாளிதழிலேயே கிடைத்ததுதானே.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். இவ்வாயில்கள் அனைத்தும் எண்ணுவோர்க்காகக் கட்டப்பட்டவை. அரசியலறிஞர்க்கும் புள்ளியியலார்க்கும் பதிவு என்பது ஓர் அலகு. அதனை எண்ணலாம், கூட்டலாம், எண்ணில் இரைச்சலும் சேர்க்கலாம். தமிழாய்வாளர்க்குப் பதிவு என்பது ஒரு வாக்கியம். அவ்வாக்கியத்தில் வேற்றுமை உருபு விடுபட்டிருக்கிறதா, மலாய் வினைச்சொல்லுக்குத் தமிழ் விகுதி சேர்கிறதா, 'பெரட்டு', 'தீம்பார்' முதலிய தோட்டச் சொற்கள் தோட்டம் அழிந்தபின்னும் வாழ்கின்றனவா என்பனவே நம் வினாக்கள். எண்ணுக்கு இரைச்சல் சேர்க்கலாம். சொல்லுக்கு இரைச்சல் சேர்த்தால் அது வேறொரு சொல்லாகிவிடும்.

வேம்பு சுட்டிய மன்னன்

இனி இரண்டாம் வழியை நோக்குவோம். நிறுவனத்தை எதிர்பாராமல் ஆய்வாளரே பொதுவெளியிலுள்ளதைத் திரட்டுவது அவ்வழி. தமிழில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. பாரதி ராஜா சக்கரவர்த்தியும் உடனாய்வாளரும் 2020-இல் வெளியிட்ட தொகுதியில், திரைப்பட முன்னோட்டங்களுக்கு யூடியூபில் எழுதப்பட்ட 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்புக் கருத்துரைகள் உள்ளன. எழுதியோர் பற்றிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. கணினிக்குத் தமிழ்க் கலப்புநடையைப் பயிற்றும் முயற்சிகள் பலவற்றிற்கு அது வித்திட்டது. அதன் பயனைத் தமிழுலகம் மறுக்க இயலாது. ஒரு பெருநடிகரின் படத்தைப் புகழ்ந்தோ பழித்தோ கோடிக்கணக்கானோர் நடுவே ஒருவர் எழுதிய ஒருவரி, பெயர் நீங்கியபின் பெரும்பாலும் பெயரற்றதாகவே இருக்கும். ஆகவே அத்தொகுதியை நாம் குறைகூறவில்லை. அதே முறையைச் சிந்திக்காமல் நம் வட்டாரத்திற்குக் கொண்டுவருவதையே குறைகூறுகிறோம்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்னும் நம்பிக்கை, வியப்பூட்டும் வகையில், தமிழிலக்கணத்தில் பழைய விவாதம் ஒன்றைத் தொட்டு நிற்கிறது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவியும் பாசறையில் உள்ள தலைவனுமே உள்ளனர். ஆயினும் நச்சினார்க்கினியர் அதனை அகம் எனக் கொள்ளவில்லை. படைக்கலத்தில் கட்டப்பட்ட வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அது வந்தமையால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது என்பது அவர் வாதம். பின்வந்தோர் பலர் இதனை மறுத்து அப்பாட்டை அகமென்றே கொள்வர். அவ்விவாதத்துள் நாம் புகவில்லை. நமக்கு வேண்டியது உரையாசிரியரின் நுண்ணறிவு. பெயர் இல்லாமலும் ஒரு மனிதரைச் சுட்டலாம், அதற்கு ஒரு பூ போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். தரவு அறிவியல் இதனையே நெடும்பாடுபட்டு இருபத்தோராம் நூற்றாண்டில் கற்றுக்கொண்டது.

அவ்வாறு கற்ற பாடங்களுள் ஒன்று ஹார்வர்டில் நிகழ்ந்தது. அப்பெயர் கெடாத் தமிழர்க்கு முதலில் ஒரு தோட்டத்தின் பெயர். ஈண்டு குறிப்பது பல்கலைக்கழகத்தை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஒரே ஆண்டு மாணவர் அனைவரின் முகநூல் விவரங்களையும் திரட்டி, கல்லூரிப் பெயரையும் மாணவர் பெயர்களையும் நீக்கி, ஆய்வுக்குழு ஒன்று 2008-இல் பொதுவில் வைத்தது. மாணவர்க்கு இது தெரியாது. தரவைத் திறந்துகூடப் பாராமல், அதனோடு வந்த விளக்கக் குறிப்பை மட்டும் கொண்டே அக்கல்லூரி ஹார்வர்டு என மைக்கேல் சிம்மர் என்னும் அறிஞர் காட்டிவிட்டார். அங்கு மட்டுமே உள்ள பாடப்பிரிவுகளின் பெயர்கள் வேம்பாக அமைந்தன. கல்லூரி தெரிந்தபின் மாணவரைத் தெரிவது அரிதன்று. ஒரு நாட்டிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர் எனில், அவர் நாட்டைச் சொல்வது அவர் பெயரைச் சொல்வதே ஆகும். அத்தொகுதி திரும்பப் பெறப்பட்டது.

மெர்போக்கில் வேம்புக்குப் பஞ்சமில்லை. நம் துறையினர் எழுதும் ஆய்வேடுகளில் 'தகவலாளர் 4, ஆண், வயது 58, முன்னாள் பால்மரத் தொழிலாளி, கோயில் நிருவாகக் குழு உறுப்பினர்' என வரும் குறிப்பைப் படிக்கும் பெருநகரத்துத் தேர்வாளர்க்கு அது பெயரற்றதாகவே தோன்றும். அத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு அது வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னதற்கு ஒப்பாகும். லயத்து வாழ்க்கையில் ஒருவர் மற்றவரைப் பட்டப்பெயராலும் பேச்சு நடையாலும் அறிவார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் தவறாக எழுதுவதே ஒருவர்க்குரிய கையொப்பமாகிவிடும். போதாக்குறைக்கு, பொதுப் பதிவொன்றின் வாசகத்தை எழுத்து மாறாமல் மேற்கோளாகத் தந்தால், படிப்பவர் அதனைத் தளத்தின் தேடற்பெட்டியில் இட்டு எழுதியவரை அடைந்துவிட வாய்ப்புண்டு. முகநூற் பக்கத்தின் திரைப்பிடியை எடுத்து, பெயர்மீது மட்டும் கறுப்புக் கோடிட்டுப் பின்னிணைப்பில் சேர்க்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் உண்டு. நிழற்படத்தின் மூலையும் நாளும் நேரமும் அப்படியே இருக்கும். கறுப்புக் கோடு ஆய்வாளரின் மனச்சான்றை அமைதிப்படுத்துகிறது, எழுதியவரைக் காப்பதில்லை.

இதனால் யார்க்கு என்ன தீங்கு எனக் கேட்போர் உளர். கோயில் இடிப்பும் நிலவுரிமையும் பற்றிய பேச்சு நம் நாட்டில் இனத்தையும் சமயத்தையும் தொடாமல் நிற்பதில்லை. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டமும் இணையப் பேச்சுக்கும் பொருந்துவன. சினத்தில் ஓர் இரவு எழுதி, மறுநாள் மறந்துவிட்ட ஒருவரியை ஆய்வேடு எடுத்து, ஆண்டும் ஊரும் குறித்து, நூலகத்தில் நிலைபெறச் செய்கிறது. எழுதியவர் தம் பதிவை அழித்துவிட்டாலும் நம் பின்னிணைப்பு அழியாது. தீங்கு எப்போதும் காவல்நிலையத்தின் வடிவில்தான் வரும் என்பதுமில்லை. கோயில் குழுவில் ஏற்படும் பகை, ஒரே வீடமைப்புப் பகுதியில் நாள்தோறும் சந்திக்க நேரும் இருவரிடையே விழும் பிளவு ஆகியனவும் தீங்கே.

மேற்கோளைத் தவிர்த்துக் கருத்தை மட்டும் வேறு சொல்லில் தரலாம் என ஒரு தீர்வு சொல்லப்படுகிறது. அனெட் மார்க்கம் 2012-இல் இதற்கும் ஒருபடி மேலே சென்று, பலரது கூற்றுகளைக் கலந்து ஒரு புனைவு மாந்தரைப் படைத்துக் காட்டுவது அறநெறிக்குட்பட்டதே என வாதிட்டார். தலைவி, தோழி, செவிலி எனப் பெயரற்ற கூற்றாளர் மரபை உடைய நமக்கு இது அயன்மையானதன்று. சமூகவியலுக்கும் வழக்காற்றியலின் சில பகுதிகளுக்கும் இது பொருந்தும். மொழியியலுக்குப் பொருந்தாது. ஆய்வாளர் தாமே புனைந்த வாக்கியத்தைக் கொண்டு மெர்போக் வட்டாரத் தமிழின் தொடரியலை நிறுவினால், நிறுவப்படுவது ஆய்வாளரின் தமிழே.

சட்டம் விட்டுவைத்த இடம்

சட்டத்தை நோக்கினால் மிகுந்த உதவி கிடைப்பதில்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளைச் சார்ந்த தரவுக்கே உரியது. மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. பல்கலைக்கழக ஆய்வு அதன் எல்லைக்குள் வருமா என்பதே விவாதத்திற்குரியது. வருமென்றே கொண்டாலும், ஆய்வுக்காகக் கையாளப்படும் தரவுக்கு 45-ஆம் பிரிவு சில கோட்பாடுகளிலிருந்து விலக்களிக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை, தரவுக்குரியவரை அடையாளம் காட்டும் வடிவில் முடிவு வெளியாகக் கூடாது என்பது. யாருக்கு அடையாளம் காட்டும் வடிவில்? கோலாலம்பூரில் உள்ளவர்க்கா, அடுத்த வீட்டுக்காரர்க்கா? சட்டம் அதனைச் சொல்லவில்லை. நம் ஆய்வு அறக்குழுக்களும் இவ்வினாவை எழுப்பியதாகத் தெரியவில்லை. 'பொதுவில் கிடைக்கும் தரவு' எனக் குறித்துவிட்டால் படிவம் எளிதில் கடந்துசெல்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்க்குத் தரவு தருமாறு பெருந்தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்குரிய விரிவான விதிகள் 2025 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தன. நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியிராமல் உரிமையாகக் கேட்கும் நிலை ஆய்வாளர்க்கு இதனால் ஏற்பட்டுள்ளது. ஆயின் ஆய்வு ஒன்றியத்துக்குள் ஏற்படும் பேரிடர்களைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். கெடாவில் இடிந்த கோயில் அதனுள் அடங்காது.

கொடுப்போர் கையிலிருந்து

நம் நோக்கில் நம்பிக்கை தருவது வேறொரு வழி. நிறுவனத்தையும் கேட்காமல், மக்கள் அறியாமல் திரட்டவும் செய்யாமல், எழுதியவரிடமே கேட்டுப் பெறுவது அது. தன் கணக்கிலுள்ள அனைத்தையும் தானே இறக்கிக்கொள்ளும் வசதி முகநூலில் 2010 முதல் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'போர்ட்' என்னும் கருவியில், இறக்கிய கோப்பு கொடையாளரின் கணினியிலேயே பிரித்தெடுக்கப்படுகிறது. எந்தப் பகுதி ஆய்வாளர்க்குச் செல்லும் என்பதை அவரே கண்டு, வேண்டாததை நீக்கி, ஒப்பினால் மட்டுமே அது அனுப்பப்படுகிறது. நம் நாட்டிலும் 2024-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தரவுப் பெயர்வுரிமையை அறிமுகப்படுத்தி, 2025 ஜூன் முதல் அது நடைமுறையில் உள்ளது. தொழில்நுட்பம் இடங்கொடுக்கும் அளவுக்கே அவ்வுரிமை செல்லும் என்றாலும், கொடுப்பவர் தம் தரவைத் தாம் விரும்பும் இடத்திற்கு மாற்றக் கேட்கலாம் என்னும் கருத்தைச் சட்டம் ஏற்றுவிட்டது.

இவ்வழியிலும் முள் உண்டு. ஒருவரது கோப்பில் அவருடைய சொல் மட்டும் இருப்பதில்லை. செய்திப்பெட்டியில் அவரோடு பேசியவர் சொல்லும் இருக்கிறது. புலனக் குழுவின் உரையாடலை ஒருவர் கொடுத்தால் மற்ற நாற்பது பேரும் கொடுத்ததாகாது. ஆகவே கொடையாளர் தாமே எழுதிய பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். உரையாடலின் மறுபாதி இல்லாமல் மொழியாய்வு குறையுடையதாகும் என்பதை ஏற்றே நடத்தல் வேண்டும்.

இதனினும் கடினமானது ஒப்புதல். தோட்ட மக்களிடம் ஆய்வாளர் நேரே செல்வதில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவோ கோயில் தலைவர் வழியாகவோ செல்கிறோம். தலைமையாசிரியர் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொன்னால் மறுக்கும் பெற்றோர் எத்தனை பேர்? 'டீச்சர் கேட்டாங்க' என்பதே போதுமான காரணமாகிவிடும் சூழலில், சட்டம் கேட்கும் கையொப்பம் இருந்தும் விருப்பம் இல்லாமற் போகலாம். தமிழாசிரியர்கள் இவ்விதழின் வாசகர் என்பதால் இதனை வெளிப்படையாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் பெற்றோரிடம் தரவு கேட்பவராக இருத்தல் கூடாது. ஆய்வை அறிமுகம் செய்யலாம். படிவத்தை வாங்குபவர் வேறொருவராக, மறுத்தவர் யார் என்பது ஆசிரியர்க்கே தெரியாதவாறு இருத்தல் வேண்டும்.

பெற்ற தரவை வைக்கும் இடத்திற்கு நமக்கு மாதிரி இல்லாமலில்லை. கொழும்பிலுள்ள லர்ன்ஏசியா நிறுவனம் இலங்கைக் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து, எண்கள் புனைபெயராக மாற்றப்பட்ட அழைப்புப் பதிவுகளைப் பெற்று, கொழும்பு மாநகரின் மக்கள் நடமாட்டத்தை ஆராய்ந்தது. தரவைக் கையாள்வதற்கான நெறிகளையும் உடன் விவாதித்தது. தெற்காசியாவில் வணிக நிறுவனம் அல்லாத ஓர் ஆய்வமைப்பு இதனைச் செய்ய இயலும் என்பதற்கு அது சான்று. மொழித்தரவுக்கு வேண்டியது அதனினும் எளியது. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இணையத்தொடர்பு இல்லாத ஒரு கணினி; உள்ளே செல்வோர் பெயர் எழுதும் ஒரு பதிவேடு; வெளியே கொண்டுவரப்படும் மேற்கோள் ஒவ்வொன்றையும் அவ்வட்டாரத்தை நன்கறிந்த ஒருவர் முன்கூட்டிப் படித்து, 'இதை யார் எழுதியது என்று எனக்குத் தெரிகிறது' எனச் சொல்லும் வாய்ப்பு. இக்கடைசிப் பணியை எந்தக் கணினி நிரலும் செய்யாது. நிரல் பெயரைத் தேடும்; வேம்பைத் தோட்டத்தில் வாழ்ந்தவரே காண்பார். பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் ஆசிரியர் கல்விக் கழகமும் பல்கலைக்கழகமும் இருக்க, இதற்கெனக் கோலாலம்பூருக்கு வர வேண்டிய தேவையும் இல்லை.

ஆய்வேட்டின் முழுத்தரவு அவ்வறையில் இருக்க, அச்சேட்டில் ஆய்வுக்கு இன்றியமையாத தொடர்கள் மட்டும், ஊரையும் தொழிலையும் பிரித்து வைத்து இடம்பெறலாம். தேர்வாளர் ஐயுற்றால் அறைக்குச் சென்று சரிபார்க்கட்டும். இதனால் ஆய்வு தாமதமாகும் என்பது உண்மையே. தாமதத்தை ஏற்காத மேற்பார்வையாளர், மூன்றாண்டில் முடிக்க வேண்டிய மாணவரிடம் திரைப்பிடிகளையே எதிர்பார்க்கிறார் என்பதும் உண்மையே.

2013 டிசம்பரில் எழுதியோருள் மூத்தவர் சிலர் இன்று உயிரோடில்லை. அவர்களுட் பலர்க்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியே முதல் எழுதுகருவி. மூடுவார் இன்மையால் அவர்தம் கணக்குகள் திறந்தே கிடக்கின்றன. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், தரவுக்குரியவர் என்னும் சொல் இறந்தோரைக் குறிக்காது எனத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே அவர்கள் எழுதியதை எடுத்தாளச் சட்டத்தில் தடையில்லை. சுங்கை பத்துத் தோட்டத்துப் பழைய நடைபாதையையும் கற்குவியலையும் கண்டவாறே எழுதியவர் அவர்கள். மெர்போக் வட்டாரத் தமிழின் மிகப் பழைய நடையும் அவர்களிடமே இருந்தது. அவற்றைத் தருமாறு நாம் கேட்க வேண்டியவர் பினாங்கிலும் கூலிமிலும் ஜொகூரிலும் சிதறி வாழும் பிள்ளைகள். முதலில் அவர்களது முகவரிகளைத் தேட வேண்டும்.